அவர் கஸ்டமர் இல்லை

எனக்கு வாய் நீளம். அதனால்தான் இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் லாட்ஜுகளிலும், போனில் பேசி ஆளை வரவழைக்கும் வாடகை வீடுகளிலும் தொழில் செய்கிற பெண்களைத் தேடிப் போக வேண்டும். ஆணுறை கொடுக்க வேண்டும். சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் தருகிறது. நானும் அதே தொழிலில் இருந்தவள்தான், கமலவேணி என்றால் பழைய லாட்ஜ்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியிலிருந்து படித்துவிட்டு வருகிற பெண்ணிடம் இவர்கள் பேச மாட்டார்கள், என்னிடம் பேசுவார்கள், நான் திட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள்.

பயிற்சியில் எங்களுக்கு நீளநீளமாக என்னென்னவோ சொன்னார்கள். நான் அதையெல்லாம் ஒரே வரியாக ஆக்கி வைத்திருந்தேன். "கஸ்டமரா, உறை. உறை வேணான்றானா, எழுந்து போகச் சொல்லு." இதைத்தான் எல்லாரிடமும் சொல்வேன். தலையாட்டுவார்கள். அப்புறம் எவனாவது கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன் என்றாலோ, குடித்துவிட்டுக் கையை முறுக்கினாலோ தலையாட்டியதெல்லாம் காற்றில் போய்விடும். எனக்கும் தெரியும், நான் காணாததா. ஆனாலும் கோபம் வரும்.

பூவிழி மட்டும் அப்படியில்லை. மரப்பாலம் பக்கம் ஒரு மாடி அறையில் இருந்தாள். சொந்த ஊர் பாகூர் பக்கம், நிலம் வைத்திருந்த குடும்பம். சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்து, பிள்ளை இல்லை என்று மாமியார் வீட்டில் மலடி மலடி என்று அடித்துத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டுக்குப் போனால் அண்ணி முகத்தைத் திருப்பினாள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்கு வந்தாள். அங்கே சூப்பர்வைசர் ஆரம்பித்து வைத்ததுதான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு உறை விஷயத்தில் சமரசமே கிடையாது. ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தன், உறை வேண்டாம், இரண்டு பங்கு தருகிறேன் என்று அடம் பிடித்திருக்கிறான். அவன் சட்டை பேன்ட்டைச் சுருட்டி வராந்தாவில் எறிந்துவிட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அவன் ஜட்டியோடு நின்று கதவைத் தட்டியிருக்கிறான். இந்தக் கதையை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். பூவிழி தலையைக் குனிந்துகொண்டு அவளும் சிரிப்பாள்.

அதனால்தான் மாசி மாதம் அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, மேகநோய், சிபிலிஸ் என்பார்களே, அது இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆள் மாற்றிச் சொல்கிறார்கள் என்று சண்டைக்குப் போனேன். மறுபடி பார்த்தார்கள். அவள்தான். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். அவளுக்கே தெரியவில்லை. உடம்புச் சூடு, அதனால் மாதாமாதம் வருவது நின்றுவிட்டது என்று மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுக்கு நோய் காதில் விழவே இல்லை.

"புள்ளயாக்கா? எனக்கா? நல்லாப் பாத்தாங்களா?"

"பாத்தாங்கடி. அதோட இன்னொண்ணும் சொன்னாங்களே, அது காதுல உழுந்துச்சா?"

"உழுந்துச்சி. ஊசி போட்டாச் சரியாப்பூடும்னாங்களே." வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன மலடின்னாங்கக்கா."

டாக்டரம்மா பொறுமைசாலி. தெளிவாகச் சொன்னார். இது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். விட்டால் பிள்ளை வயிற்றிலேயே செத்துப் போகலாம். இப்போதே ஊசி போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாம். ஆனால் யாரிடமிருந்து வந்ததோ அந்த ஆளும் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இவளுக்கு மறுபடி வரும், பிள்ளைக்கும் வரும். அதுவரை சேரக் கூடாது, சேர்ந்தால் உறை இல்லாமல் கூடாது.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சுக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எவன்டி அவன்? எவன்கிட்ட உறை இல்லாம படுத்த? ஒன்னப் பத்தி ஊரெல்லாம் பெருமை பேசிக்கினு திரியறேன் நா."

"எந்தக் கஸ்டமருகிட்டயும் நா அப்பிடிப் போனதில்லக்கா. எங்கம்மா மேல சத்தியமா."

"அப்ப இது வானத்துலேர்ந்து வந்துச்சா?"

கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகினாள். அப்புறம் சொன்னாள்.

"அவருதான். ஆனா அவரு கஸ்டமரு இல்லியேக்கா."

நாகராஜ். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவன். கடலோரத்தில் ஒரு கிராமத்தில் அவனுக்குப் பெண்டாட்டியும் ஒரு மகனும் இருக்கிறார்கள். எனக்கு அவனைத் தெரியும். முதலில் இவளிடம் காசு கொடுத்து வந்தவன்தான். அப்புறம் மீனோடு வந்தான், அப்புறம் சும்மா வந்தான். போன வருடம் மயிலம் கோயிலுக்குக் கூட்டிப் போய், ஐயர் இல்லாமல், மேளம் இல்லாமல், அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டியிருக்கிறான். கயிற்றை நானும் பார்த்திருந்தேன். லாட்ஜில் கேள்வி கேட்காமல் இருப்பதற்காகப் பாதிப் பேர் கழுத்தில் கயிறு கிடக்கும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு ராத்திரி வந்து, இன்னும் எதுக்கு அந்த எழவுன்னாரு," என்றாள் பூவிழி. "நா உறைய எடுத்து ஜன்னல் வழியா வீசிட்டேன். கயிறு கட்டுனதுல எனக்கு ஒண்ணுமில்லக்கா. கயிறு யாரு வேணாக் கட்டுவான். அத வீசுனேன் பாரு, அதாங்க்கா எனக்குக் கல்யாணம்."

கஸ்டமர் என்றால் உறை என்று சொன்னவள் நான். அவள் அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். உறை போட்டால் கஸ்டமர், போடாவிட்டால் புருஷன். கோடு போட்டு அந்தப் பக்கம் ஊரையும் இந்தப் பக்கம் அவனையும் நிறுத்திவிட்டாள். நோய் இந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

அவளுக்கு முதல் ஊசி அன்றைக்கே போட்டார்கள். கையில் கொஞ்சமாகக் குத்தி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, பிறகு இடுப்பில் போடுவார்கள். அது சாதாரண ஊசி இல்லை, கால் மரத்துப் போகும், நடந்தால் இழுக்கும். எத்தனையோ பேர் அந்த வலிக்குப் பயந்தே இரண்டாவது ஊசிக்கு வரமாட்டார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "புள்ளைக்கும் போய்ச் சேந்திருக்குமாக்கா மருந்து?" என்று கேட்டாள். சேர்ந்திருக்கும் என்றேன். அது பொய் இல்லை.

அவனிடம் அவளே சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. அப்புறம் நான் கிளம்பினேன்.

தேங்காய்த்திட்டில் ஏலம் முடிந்து மதியத்தில் கூட்டம் குறைந்திருந்தது. படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நல்ல கறுப்பு, சிரித்தால் குழந்தை மாதிரி இருக்கும். அவள் மயங்கியதில் தப்பில்லை என்றுதான் எனக்கே தோன்றியது.

"வாங்கக்கா. மீனு வேணுமா?"

"மீன நீயே துன்னு. இந்தாண்ட வா, பேசணும்."

ஒதுக்குப்புறமாக வந்தான். எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது, முகம் இறுகிவிட்டது.

"தம்பி, ஊசிதான். நா கூடவே வரேன். யாருக்கும் தெரியாது. போட்டுக்கினு வந்துடலாம்."

"எனக்கு என்னாக்கா நோவு? அவ தொழில் பண்றவ, அவளுக்கு வந்துருக்குது, அவ போட்டுக்கட்டும். எனக்குப் புண்ணா, சீழா, ஒண்ணுமில்லியே."

"போன வருசம் மங்களூரு பக்கம் தொழிலுக்குப் போயிருந்தியே. வந்து கொஞ்ச நாள் கழிச்சி அங்க ஒரு புண்ணு இருந்துச்சின்னும், வலியில்லாம தானா ஆறிடிச்சின்னும் அவகிட்டச் சொன்னியா இல்லியா?"

ஐஸ் பட்ட கையை லுங்கியில் துடைத்தான்.

"ஆறலடா அது. உள்ள போயிடிச்சி. அவ ஊருல இருக்கற எவனையும் உறை இல்லாமத் தொட உட்டதில்ல. ஒன்ன ஒருத்தனத்தான் உட்டா. ஒன்ன நம்பி. வயித்துல இருக்கறது ஒன் புள்ளடா பாவி."

பாவி என்றிருக்கக் கூடாது. பயிற்சியில் அப்படியெல்லாம் பேசக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குத்தான் அவன் அசைந்தான். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வரேங்க்கா," என்றான். "ஊட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது." அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. முதலில் இவன் வரட்டும்.

வந்தான். அதுதான் கொடுமை. சொன்ன நாளில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றான். பூவிழி முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் நடுவில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். புருஷன் பெண்டாட்டியாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவன் கையைக்கூடத் தொடவில்லை, சும்மா பக்கத்தில் இருந்தாள்.

எங்கள் வரிசைக்கு எதிரில்தான் மாத்திரை கொடுக்கும் இடம். அங்கே சர்க்கரை மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெரிய மனுஷி திரும்பிப் பார்த்தாள்.

"நாகராஜு? நீ என்னாடா இங்க?"

முத்தம்மாள், அவன் பெண்டாட்டிக்குப் பெரியம்மா. மீன் கூடை தூக்குகிறவள். அந்தக் கிராமத்தில் ஒரு விஷயம் அவள் காதுக்கு வந்தால் அன்றைக்குள் எல்லார் காதுக்கும் போய்விடும். அவன் சட்டென்று எழுந்தான்.

"கூட்டாளி ஒருத்தன் அட்மிட் ஆகி இருக்கறாம்மா. பாக்க வந்தேன்."

அவளோடு பேசிக்கொண்டே வாசல் வரை போனான். அங்கிருந்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையால் டீ குடிக்கிற சைகை காட்டினான். பூவிழி அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் தன் பையை எடுத்து வைத்து, வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டாள். எங்கள் முறை வந்தது. போனது. சீட்டு கொடுக்கிறவர் சாப்பிடப் போய் வந்தார். நாகராஜ் போன் எடுக்கவில்லை.

"கூட்டம் கலஞ்சதும் வருவாருக்கா," என்றாள்.

வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் வரவில்லை. ஊசி மருந்து அங்கேயே இருந்தது. காசு இல்லை, பணம் இல்லை, கேள்வி இல்லை. இடுப்பில் ஒரு குத்து, அதற்கு ஒரு பிள்ளை உயிர். அந்தக் கணக்கு அந்த மடப்பயலுக்குப் புரியவில்லையா, புரிந்தும் பயமா, எனக்கு இன்றுவரை தெரியாது.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. வேலை இல்லாத ஆம்பளை எங்கே போவான்? ஊரில் வலை பார்க்கிறேன், எஞ்சின் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இவள் அறையிலேயே கிடந்தான். நான் போகும்போதெல்லாம் அவனுடைய செருப்பு வாசலில் இருக்கும். பூவிழியை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"போடறியா?"

"என்னாத்த?"

"நடிக்காதடி. அவன்கிட்ட உறை போடறியான்னு கேக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. ஒருநாள் எடுத்து நீட்டியிருக்கிறாள். அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பையிலிருந்து ரூபாயை எடுத்துத் தலையணை மேல் வைத்திருக்கிறான்.

"எதுக்குன்னு கேட்டேங்க்கா. கஸ்டமருன்னாக் குடுக்கணும்ல, அப்பிடின்னாரு. சிரிச்சிக்கினே சொல்றாரு. செருப்ப மாட்டிட்டாரு."

"போகட்டும்னு உட வேண்டியதுதானே?"

"எப்பிடிக்கா உடறது? கால்ல உழுந்துட்டேன். அத எடுத்து ஜன்னல் வழியாப் போட்டுட்டேன். காசையும் அவரு பையிலயே வெச்சிட்டேன்."

"ஏன்டி, புள்ள வேணுமா வேணாமா ஒனக்கு?"

"வேணும். அப்பனோட வேணுங்க்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பன் இல்லாத புள்ளன்னா, கஸ்டமருக்குப் பொறந்ததுன்னுதானே சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. ஊரு சொல்லும்ல."

பெங்களூர்க்காரனை ஜட்டியோடு வெளியே நிறுத்தியவள் இவள்தான். அவளை அறைந்தால் தேவலை என்றிருந்தது, கட்டிக்கொண்டு அழுதால் தேவலை என்றும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. மறுபடி ரத்தம் பார்க்க வர வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஆறாம் மாதம் பார்த்தார்கள். இறங்கியிருந்த நோய் மறுபடி ஏறியிருந்தது. டாக்டரம்மா முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினார், அந்த ஆள் வரவே இல்லையா என்று. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டா வர முடியும்? பூவிழிக்கு மறுபடி ஊசி போட ஆரம்பித்தார்கள். அவளும் மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது பிள்ளைக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்குமா என்று கேட்டாள். இந்தத் தடவை நான் வெளியே பார்த்துக்கொண்டு, சேர்ந்திருக்கும் என்றேன்.

படகுகள் கடலுக்குப் போன வாரம் போன் வந்தது. "அக்கா, வயித்துல புள்ள நேத்துலேர்ந்து தூங்கிக்கினே இருக்குது," என்றாள். குரலில் பயமே இல்லை. நான்தான் சோற்றுக் கையோடு எழுந்து ஓடினேன்.

பெண் குழந்தை. உயிர் இல்லாமல்தான் வெளியே வந்தது. உடம்பெல்லாம் தோல் உரிந்திருந்தது. நர்ஸ் பெண் துணியில் சுற்றி முகம் மட்டும் தெரிகிற மாதிரி காட்டினாள். மூக்கு நாகராஜ் மூக்கு. பூவிழி பார்த்துவிட்டு, "அவரு மாதிரி," என்று சொல்லிவிட்டுத் தலையணையில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புதைக்கிற வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் எவ்வளவோ அழுதிருக்கிறேன். அந்தச் சின்னத் துணி மூட்டையைக் குழிக்குள் வைத்தபோது அழுத மாதிரி அழுததில்லை.

அவன் கடலிலிருந்து வந்து ஒருநாள் சாயங்காலம் மாடி ஏறி வந்தான். கையில் மீன் பை. நானும் அங்கே இருந்தேன், அவளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றான். கண் கலங்கியிருந்ததை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"தொழில் பண்ற ஒடம்புல புள்ள எப்பிடித் தங்கும்?"

கரண்டியோடு நான் எழுந்த வேகத்துக்கு அவன் பின்னால் போய்க் கதவில் இடித்துக்கொண்டான். பூவிழிதான் என் கையைப் பிடித்தாள்.

"உடுங்கக்கா. புள்ள போன வருத்தத்துல பேசறாரு."

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். ஐப்பசி மழை ஆரம்பித்தபோது போனேன். அறை சுத்தமாக இருந்தது. பூவிழி பூ வைத்திருந்தாள், மறுபடி தொழிலுக்கு வந்துவிட்டாள் என்று பார்த்ததும் தெரிந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. வழக்கமாகக் கொடுக்கிற உறைகளை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் குடுங்கக்கா."

"ஏன்டி, ஆளு கூடிப்போச்சா?"

"இல்ல. அவருக்கும் சேத்து."

எனக்குப் புரியவில்லை. எந்த அவர் என்று கேட்டேன்.

"நாகராஜு," என்றாள். அவள் வாயிலிருந்து அவன் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. "இன்னும் வர்றான்க்கா. உறை இல்லன்னா எழுந்து போன்னு சொல்லிட்டேன். அன்னிக்கி மாதிரியே தலவாணி மேல காசு வெச்சான். நா எடுத்துக்கினேன்."

"அப்புறம் கழுத்துல எதுக்குடி அது?"

"லாட்ஜுக்காரன் கேள்வி கேக்க மாட்டான்ல, அதுக்குத்தான்."

நான் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போன வரியை அவள் ஒரு எழுத்து விடாமல் செய்துவிட்டாள். ஆபீசில் சொன்னால் சந்தோஷப்படுவார்கள், கூட்டத்தில் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அவளை மறுபடி அந்தப் பழைய பொய்க்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றிருந்தது. ஒருத்தனாவது இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று.

"அவன் ஒன் புருசன்டி," என்றேன். நான் போய் இதைச் சொல்கிறேனே என்று எனக்கே கேவலமாக இருந்தது.

பூவிழி சிரித்தாள். பெங்களூர்க்காரன் கதையைச் சொல்லும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு இல்லை.

"கஸ்டமருக்கா," என்று சொல்லிக் கையை நீட்டினாள். நான் பையிலிருந்து அள்ளிக் கொடுத்தேன்.